முப்பது திர்ஹம் சத்தம்

ஆட்டத்துக்கு முப்பது திர்ஹம்,
ஒரு பிரியாணிப் பொட்டலம், ஒரு நீலச் சட்டை.
சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
அஜ்மானில் எங்கள் கேம்ப் வாசலுக்கு பஸ் வரும்.
மொனிருல், டெக் பகதூர், தச்சு வேலை செல்வின்,
வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்த நைனார்,
அப்புறம் நான்.
கத்துவதற்குப் போகிறோம்.

சத்தத்துக்கும் மேஸ்திரி உண்டென்று
ரம்ஸியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
ரெண்டு தட்டு தட்டினால் கத்தணும்,
ஒண்ணு தட்டினால் கைதட்டணும்,
தட்டாவிட்டால் உட்காரணும்.
என்ன கத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.
கம்பி கட்டக் கை பழகியது மாதிரி
அரபிக்கு வாய் பழகிவிட்டது.

எட்டாயிரம் நாற்காலி, நாங்கள் நூற்றிப் பத்துப் பேர்.
கேமரா பார்க்கிற பக்கமாக நெருக்கி உட்கார வைத்தான்.
செப்டம்பர்ப் புழுக்கம். சும்மா இருந்தாலே வேர்க்கும்.

முதல் பாதி முழுக்கக் கத்தினோம்.
சத்தம் எதிர்ப்பக்கத்துக் காலி நாற்காலிகளில் மோதி
எங்களிடமே திரும்பி வந்தது,
புல்லில் இறங்கவேயில்லை.
அவர்கள் பந்தைப் பின்னுக்கே தட்டிக்கொண்டிருந்தார்கள்,
யாருக்கும் அவசரமில்லாத ஃபைலை
மேஜை மாற்றுவது போல.
அதைப் பார்த்து எங்கள் தொண்டை இளைத்தது.
அதைக் கேட்டு அவர்கள் கால் இளைத்தது.
யார் யாரைத் தூங்கவைத்தது, சொல்ல முடியாது.
ஒரு கோல் வாங்கினோம்.
வாங்கினார்கள் என்று சொல்லணும்.

அறுபதாவது நிமிஷம், மத்தளத் தோல் கிழிந்தது.

ரம்ஸி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
நாங்கள் உத்தரவுப்படி உட்கார்ந்திருந்தோம்.
அப்போதுதான் ஆட்டம் கேட்டது.
பூட்ஸ் பந்தில் படுகிற மொத்துச் சத்தம்,
கோல்கீப்பர் யாரையோ திட்டுவது,
இருபத்திரண்டாம் நம்பர் மூச்சு வாங்குவது.
க்வாபெனா. கறுத்து ஒல்லியான பையன்.
அவனும் கான்ட்ராக்ட்தான், ஆறு மாசம் என்றான் செல்வின்.

அவன் பந்தைத் தொலைத்தான். விழுந்தான்.
எழுந்து, தொலைத்த பந்தின் பின்னால்
மைதானத்தின் பாதியை ஓடிக் கடந்து
எங்கள் முன்னால், கோட்டின் மேல்,
சறுக்கிப் பறித்தான்.

மொனிருல், ரூமில் உப்பு கேட்கக்கூடக் கை நீட்டுகிறவன்,
"ஏய்!" என்றான்.

அது எந்த மொழியும் இல்லை.
பையன் திரும்பிப் பார்த்தான்.
மறுபடி பந்து வந்தபோது நூற்றிப் பத்துப் பேரும் நின்றிருந்தோம்.
யாரும் தட்டவில்லை.
அவன் ஓட ஓடக் கத்தல் ஏறியது,
கத்தல் ஏற ஏற அவன் ஓடினான்.
கிணற்றில் ரெண்டு வாளி ஒரே கயிற்றில் போல,
எது எதை இழுக்கிறது என்று பார்க்க நேரமில்லை.
கோல்!
நைனார் என் தோளில் ஏறியிருந்தான். எப்போது ஏறினான்?
"உட்காருங்கள், உட்காருங்கள்" என்ற ரம்ஸி
நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை.
கடைசி நிமிஷம். க்வாபெனா காலில் பந்து.
நடுவில் இன்னொரு நீலச்சட்டை தனியாக, கை தூக்கி நிற்கிறான்.
தட்டிவிட்டால் போதும்.
அடி அடி என்று நாங்கள் ஐந்து பாஷையில் கத்துகிறோம்.
அடித்தான்.
பந்து கம்பத்துக்கு மேலே போய்
விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி இருட்டில் விழுந்தது.
அவர்கள் கீப்பர் வேறு பந்தை வாங்கி நீளமாக உதைத்தான்.
மூன்றே உதை. எங்கள் வலை அசைந்தது.

அந்தக் கோலில் கால் பங்கு என்னுடையது.
முப்பது திர்ஹத்தில் அது சேர்த்தி இல்லை.

போகும்போது பையன் எங்கள் பக்கம் ரெண்டு தடவை கைதட்டினான்.
ரெண்டு தட்டினால் கத்தணும்.
தொண்டை வரவில்லை.

பஸ்ஸில் ரம்ஸி தலைக்கு அஞ்சு திர்ஹம் பிடித்தான்,
புதுத் தோலுக்காம்.
யாரும் சண்டை போடவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்தோம்,
பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு.

காலை அஞ்சு மணிக்கு சைட்டில் பேர் வாசித்தார்கள்.
செல்வின் கையைத் தூக்கினான். டெக் பகதூர் கையைத் தூக்கினான்.
"வாயில் என்ன?" என்றான் ஃபோர்மன்.
"தோத்துட்டோம்" என்றேன்,
காற்று மட்டும் வந்தது.